ஒரு பாடலும் பல குரல்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இல்லத்து இளையோர் விரும்பிக் கேட்கும் மேனாட்டுப் பாடல்களுள் ஒன்று ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்பது. விட்னி ஹூஸ்டன் அம்மையாரின் பாடல் என்றே நம்மில் பலர் அதனை அறிவோம். பாடியவர் அவர், ஆக்கியவர் வேறொருவர். அப்பாடல் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சென்ற வழியை இன்று சிறிது காண்போம்.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மலைப்புறத்தில், பன்னிரு மக்கள் பிறந்த வறிய குடும்பத்தில், 1946-ஆம் ஆண்டு தோன்றியவர் டாலி பார்ட்டன். 1967-இல் போர்ட்டர் வேகனர் என்னும் புகழ்பெற்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழிந்தபின் தனித்து நிற்க விழைந்தார். வேகனரோ விடை தர மனமின்றி இருந்தார். வாதிட்டுப் பயனில்லை எனக் கண்ட டாலி, நன்றியையும் பிரிவையும் ஒருசேர வைத்து 1973-இல் இப்பாடலை இயற்றி, அவர் முன்னே பாடிக் காட்டினார். கேட்டவர் கண்ணீர் மல்க விடை தந்தார் என டாலியே பிற்காலத்தில் கூறியுள்ளார். உலகம் காதற்பாட்டாகக் கேட்கும் இது, உண்மையில் தம்மை வளர்த்தவர்க்கு ஒரு பெண்மணி சொல்லிய பிரியாவிடை. 1974-இல் அது அந்நாட்டுக் ‘கன்ட்ரி’ இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அந்நாளில் எல்விஸ் பிரெஸ்லி அதனைப் பாட விரும்பினார். எந்தப் பாடலாசிரியர்க்கும் அது பெரும்பேறு. ஆனால் அவருடைய மேலாளர் டாம் பார்க்கர், வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதித் தரவேண்டும் என்றார். டாலி மறுத்தார். அன்றிரவெல்லாம் அழுததாகச் சொல்லும் அவர், உரிமையை மட்டும் விட்டுத் தரவில்லை.

பாடல் அதனால் முடங்கிவிடவில்லை. 1975-இல் லிண்டா ரான்ஸ்டட் பாடினார். 1982-இல் டாலியே ஒரு திரைப்படத்திற்காக மீண்டும் பாட, அது மறுபடியும் முதலிடம் எய்தியது. 1992-இல் ‘தி பாடிகார்ட்’ படத்திற்கு இப்பாடலைப் பரிந்துரைத்தவர் நடிகர் கெவின் காஸ்ட்னர். இசைக்கருவி எதுவுமின்றி வெறுங்குரலில் தொடங்கவேண்டும் என்பதும் அவர் விருப்பமே. தேவாலயப் பாடற்குழுவில் வளர்ந்த விட்னியின் குரல், மெல்லிய விடைபெறுதலை வானளாவ உயர்த்தியது. பதினான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலின் தலைமையிடத்தில் நின்றது. 1994-இல் கிராமி விருதும் பெற்றது. 2012-இல் விட்னி மறைந்தபோது, அவர் உடல் தேவாலயத்தினின்று வெளியே கொணரப்படுகையில் ஒலித்ததும் அப்பாடலே. விடைபெறப் பிறந்த பாடல், பாடியவர்க்கே விடை கொடுத்தது.

இவற்றுள் எது மூலம், எது நகல் எனச் சண்டையிட வேண்டுவதில்லை. ஒரே கீர்த்தனையைப் பல வித்துவான்கள் பாடக் கேட்டு மகிழும் மரபினர் நாம். தியாகராசர் கீர்த்தனையை எவர் பாடினும், அவர் பெயர் முத்திரையாக உள்ளே நிற்கின்றது. மேனாட்டுப் பாடலில் அத்தகைய முத்திரை இல்லை; ஆங்கே உரிமைப் பத்திரமே முத்திரை. அதனைக் காத்தமையால்தான், விட்னியின் குரலில் உலகெங்கும் பாடல் பரவியபோது அதன் பயன் ஆக்கியவரையும் சென்று சேர்ந்தது. அன்று பாதியைத் தந்திருந்தால், பயனிலும் பாதி பிறர் கைக்குப் போயிருக்கும்.

எழுதவும் பாடவும் வல்ல பிள்ளைகள் நம் குடியிருப்பிலும் இருக்கின்றனர். அவர்கட்கு நாம் சொல்ல விழைவது இதுவே: உங்கள் பாடலைப் பிறர் பாடினால் மகிழுங்கள், பிறர் பாடலை நீங்கள் பாடினால் ஆக்கியவர் பெயரைச் சொல்லுங்கள், பெரியவர் கேட்கிறார் என்பதற்காக உங்கள் உரிமையில் கையெழுத்திட்டு விடாதீர்கள். பாடலைப் பகிர்வது பெருமை. படைத்த உரிமையைக் காப்பது கடமை.