குத்தகைக் கணக்கில் வராத மண்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

பொருளாளர் அவர்கள் வரவு செலவை வாசித்தார்கள். பள்ளிவாசல் நிலத்தின் குத்தகைத் தொகை குறைவின்றி வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்நிலத்து மண்ணைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். வழியை அடைத்துக் கிடந்த மட்டைகளுக்கு நாமும் தீயிட்டோம். அன்றைய நெருக்கடி அப்படி. ஆனால், இன்று இயந்திர அறுவடை முடிந்த வயலிலும் தாளுக்குத் தீ வைக்கிறோமே, அதற்கு என்ன நெருக்கடி? கரிமமும் தழைச்சத்தில் பெரும்பகுதியும் புகையாகிப் போகின்றன. போன தழைச்சத்தை யூரியா மூட்டையாக விலைக்கு வாங்குகிறோம்! நமது செம்மண்ணோ இயல்பிலேயே மக்குப்பொருள் குறைந்தது. பெய்த மழையை நெடுநாள் பிடித்து வைக்காது.

“எரிக்காமல் அப்படியே உழுதுவிட்டால் என்ன, ஹஜ்ரத்?” என்று ஒரு விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. தாளில் தழைச்சத்து சொற்பம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டியதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறி நிற்கும். ஆகவே தாளையும் சருகையும் அடுக்கி, சாணக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் முதலில் மக்கவிட வேண்டும். பள்ளிவாசல் தோட்டத்தில் முதன்முறை நாம் கிளறாமல் விட்டதில் துர்நாற்றம் எழுந்து, ஒளு செய்ய வந்தோர் முகம் சுளித்தனர். மறுமுறை கிளறினோம். உள்ளே கை வைக்க முடியாத சூடு. நான்கு மாதங்களில் கறுத்து உதிர்ந்தது. தென்னை நார்க்கழிவு இவ்வாறு எளிதில் மக்காது. அதற்கு டன்னுக்கு 5 கிலோ யூரியாவுடன் சிப்பிக்காளான் வித்தும் இடுவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறை. வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம்.

ஆண்டுதோறும் ஏலம் விடும் நிலத்தில் இதை யார் செய்வார்? எரு இடுபவர் ஒருவர், பலன் காண்பவர் வேறொருவர். குத்தகைதாரரைக் குறை கூறுவது முறையன்று, ஏற்பாடு நம்முடையது. எனவே வக்ஃபு சட்டம் இடம் தரும் அளவுக்குக் குத்தகைக் காலத்தை நீட்டவும், தாளை எரிக்கலாகாது என்ற நிபந்தனையைச் சேர்க்கவும் நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆண்டு தொகை சற்றுக் குறையலாம். அப்போது பொருளாளரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.