புல் வெட்டும் பழைய இயந்திரம்



புல் வெட்டி முதுகு நொந்தவர்களுக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. துணியின் மேல் எழும்பி நிற்கும் உரோமத்தைச் சமமாகக் கத்தரிக்க அங்கே சுழலும் கத்திகள் இருந்தன. துணிக்கு உதவுவது புல்லுக்கு உதவாதா என்று எண்ணினார் எட்வின் பட்டிங். 1830ஆம் ஆண்டு காப்புரிமையும் பெற்றார்.

பின்னால் உள்ள இரும்பு உருளை தரையில் உருள, பல்சக்கரங்கள் கத்திகளைச் சுழற்றும். 19 அங்குல அகலத்திற்குப் புல் வெட்டுப்படும். கனமான வண்டி; ஒருவர் தள்ள, தேவையானால் இன்னொருவர் முன்னாலிருந்து இழுக்கவும் பிடி உண்டு. கனவான்கள் தாமே தள்ளினால் உடலுக்கு நல்ல பயிற்சி என்று பட்டிங் எழுதினார்! வியர்வை சிந்தித் தள்ளியவர்கள் என்னவோ தோட்டக்காரர்கள்தாம்.

லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டத்தின் மேற்பார்வையாளர் இதைப் பாராட்டினார். நீண்ட காம்புள்ள அரிவாளும் துடைப்பமும் கொண்டு ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையை இது முடிக்கிறது என்றார். அந்த ஆறேழு பேருக்குப் பிறகு என்ன வேலை கிடைத்தது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பட்டிங் 1846இல் காலமானார். அக்காலத்து இயந்திரங்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று லண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் இருக்கிறது.