கலாநிதிப் பட்டத்தின் பின்

மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்விக்கூடம் 1868 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. குளிரூட்டும் பொறிகளால் பெயர்பெற்ற கார்ல் வொன் லிண்டே அங்கே ஆசிரியராய் விளங்கினார். டீசல் எஞ்சினை ஆக்கிய ருடோல்ப் டீசல் அவரிடம் பயின்றவர். இத்தகைய கூடத்துக்கும் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமை 1901 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. பொறியியலாளரைத் தம்முடன் ஒரே பந்தியில் இருத்தப் பழைய சர்வகலாசாலைகள் இலகுவில் உடன்படவில்லை.

இன்று அதே நிறுவனம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன், கலாநிதிப் பட்டம் பெற்றோரை உலகெங்குமிருந்து ஆராய்ச்சிப் பதவிகளுக்கு அழைக்கின்றது. விளம்பரத்தைக் காணும் இளைஞர் முதலில் ஆராய்ச்சிப் பொருளையே வாசிப்பர். அஃது இயல்பே. ஆயினும் அவர்தம் வாழ்வைத் தீர்மானிக்கும் செய்தி பெரும்பாலும் கடைசி வரிகளிலே கிடக்கின்றது.

கிடைப்பது உத்தியோகமா, புலமைப்பரிசிலா என்பதை முதலில் அறிதல் வேண்டும். உத்தியோகமாயின் மாநில ஊழியர்க்குரிய ஊதிய அட்டவணையின் 13 ஆம் தரத்தில் வேதனம் உண்டு; நோய்க் காப்புறுதியும் ஓய்வூதிய நிதியும் அதனுடன் சேரும். புலமைப்பரிசில் பெறுபவரோ பொதுவாக ஊழியராகக் கருதப்படார். அவர் பெயரில் ஓய்வூதிய நிதிக்கு எதுவும் சேர்வதில்லை. ஹம்போல்ட் நிறுவனத்தின் புலமைப்பரிசில் எங்கும் மதிக்கப்படுவதுதான். ஆனால் அம்மதிப்பு முதுமைக்குச் சேமிப்பாகாது.

அடுத்தது முடிவுத் திகதி. அரசாங்க உத்தியோகம் என்றால் ஓய்வூதியம் வரை என எண்ணிப் பழகியோர்க்கு இது வியப்பளிக்கும். 2007 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் இயற்றப்பட்ட சட்டம், கலாநிதிப் பட்டத்துக்கு முன் 6 ஆண்டும் பின் 6 ஆண்டும் தவணை ஒப்பந்தத்தில் பணியாற்ற இடந்தந்தது. பட்டத்தை விரைவில் முடித்தவர் மிஞ்சிய காலத்தைப் பின்னர் பயன்படுத்தலாம்; பிள்ளை வளர்ப்போர்க்கு ஒரு பிள்ளைக்கு 2 ஆண்டு நீட்டிப்பும் உண்டு. வெளியார் நிதியில் நடைபெறும் திட்டமாயின், அந்நிதி உள்ளவரை புது ஒப்பந்தமும் எழுதலாம். நிரந்தரப் பதவிகளோ மிகச் சில.

இச்சட்டத்தை விளக்குதற்குக் கல்வி அமைச்சு 2018 இல் ஒரு குறும்படம் ஆக்கியது. ஹன்னா என்னும் கற்பனை ஆராய்ச்சியாளர் அதன் நாயகி. ஒரு தலைமுறையினர் பதவிகளை அடைத்துக்கொள்ளாதிருக்கவே இத்தவணை முறை என்று அப்படம் கூறிற்று. 2021 இல் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர் 'நானே ஹன்னா' என்று தத்தம் ஒப்பந்தங்களின் கதையை வெளியிட்டனர். அறிவைத் தேடி உழைப்பவரை வாய்க்காலை அடைக்கும் குப்பையாகக் கருதியமை பொறுக்கத்தக்கதன்று.

பொறியியல் கற்றவர்க்கு இத்துன்பம் சற்றே குறைவு. அவருள் பலர் பட்டம் பெற்றதும் தொழிற்சாலைக்குச் செல்வர். அங்கே அநுபவம் பெற்றுப் பின்னர் பேராசிரியராய்த் திரும்புவோரும் உளர். பௌதிகம், உயிரியல் போன்ற துறையினர்க்கு அவ்வழி அத்துணை அகலமானதன்று. மியூனிக் பல்கலைக்கழகம் 2012 இல் ஒரு புது ஏற்பாட்டைத் தொடக்கியது: உதவிப் பேராசிரியராய் அமர்பவர், ஆண்டுகள் சில சென்றபின் நிகழும் மதிப்பீட்டில் தேறினால் நிரந்தரப் பதவி பெறுவார். அவ்வாசலில் காத்திருப்போர் பலர்.

ஆதலின் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் பேராசிரியரிடம் கூச்சமின்றிக் கேட்கத்தக்கவை சில உண்டு. திட்ட நிதி யாருடையது? எந்த மாதத்தில் முடிகின்றது? தமக்கு முன் அம்மேசையில் இருந்தவர் இப்போது எங்கே பணியாற்றுகின்றார்?