சொல்லில் படிந்த கறை

போளூரிலும் ஆரணியிலும் பட்டு நெய்வோர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. ஊடை இழையில் பழுது நேர்ந்தால் அது ஓரிடத்தோடு நின்றுவிடும். பாவு இழையில் கறை இருந்தாலோ, சேலையின் நீளம் முழுவதும் அது தொடர்ந்து வரும். மொழியிலும் அத்தகைய பாவு இழைகள் உள்ளன.

ஆராயாமல் நம்புவதைக் 'குருட்டு நம்பிக்கை' என்கிறோம். பொருந்தாத காரணத்தை 'நொண்டிச் சாக்கு' என்கிறோம். அறிவுரை ஏலாதவனிடம் பேசுவதைச் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். எவரையும் இழிவு செய்யும் எண்ணம் அப்பொழுது நமக்கு இல்லை. எனினும், ஆராயாமையும் பொய்ம்மையும் பிடிவாதமும் மனத்தின் குற்றங்கள். கண்ணும் காலும் செவியும் அவற்றிற்குப் பொறுப்பாகா. உடலின் குறையை மனத்தின் குற்றத்துக்குப் பெயராக வைத்துவிட்டோம். இவற்றைக் கேட்டு வளரும் சிறுவன், பார்வையற்ற ஒருவரைக் காணுமுன்பே அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறான். 'ஊமை' என்ற சொல்லோ உண்மைக்கே மாறானது. சைகை மொழி பேசுவோர்க்குச் சொல்வளமும் இலக்கணமும் உடைய மொழி உண்டு.

2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை வழங்கிற்று. 2024ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், இவர்களை இழிவுபடுத்தும் சொற்களைத் திரைப்படங்கள் தவிர்க்க வேண்டுமென அறிவுறுத்தியது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும்.

நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் 'மங்கலம்' ஒன்று. மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் மறைத்துக் கூறுதல் அது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது போல. புதிய பெயரையும் நாம் அவ்வாறே கொண்டால், உடற்குறையை அமங்கலமாகவே கருதி அதன்மேல் பட்டுப் போர்த்தியவராவோம். 'பார்வையற்றவன் நான்' என்று தம்மை நேராகவே கூறிக்கொள்வோர் உளர். அதில் இழிவு ஏதும் இல்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, சக்கர நாற்காலி ஏறமுடியாத படிக்கட்டை அப்படியே விட்டுவைப்பதில்தான் இழிவு உள்ளது.

மாணவ நண்பர்களே, பொருந்தாத சாக்கைப் 'பொருந்தாத சாக்கு' என்றே சொல்லுங்கள். அதனால் தமிழுக்குச் சொற்பஞ்சம் வந்துவிடாது. ஒருவரை எப்படி அழைப்பது என்று ஐயம் எழுந்தால், அவர் பெயரைக் கேட்டறிந்து அப்பெயரால் அழையுங்கள்.