ஐந்து லட்சம் கிலோமீட்டருக்குப் பின்



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் ஒற்றை லாரியை மட்டும் வைத்துக்கொண்டு, குடும்பத்தையும் கடன் தவணையையும் அதைக்கொண்டே தாங்கிவரும் ஒருவர், ஐந்து லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்ட தம் வண்டி மேட்டில் இழுக்காமல், ஆயிலைக் குடித்து, பிரீதர் குழாயில் புகை கக்குவதைக் காணும்போது, அவர் மனத்தில் எழுகிற முதற் கேள்வி, இன்ஜினை இறக்கினால் எவ்வளவு ஆகும் என்பதே. அது நியாயமான கேள்வி. ஆயினும், இது எதனால் தேய்ந்தது என்ற கேள்வியை அதற்கும் முன்னால் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தவே இன்று பேசுகிறேன்.

டாட்டா 697 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்ற விவரம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. கொள்ளளவு 5,675 சி.சி. அதன் ஹெட்டைக் கழற்றிவிட்டு, போரின் மேல்விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தால், ஒரு வரப்பு தட்டுப்படும். பிஸ்டன் மேலே வந்து ஒரு கணம் நின்று திரும்புகிற அந்த ஸ்தானத்தில், எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்க, வேகமின்மையால் ஆயில் படலமும் அறுந்துபோவதால், தேய்மானம் அங்கேதான் அதிகம். ஆறு போர்களும் மேற்பகுதியில் ஒரேமாதிரி தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே எங்கோ வெடித்த ரப்பர் குழாய் வழியே புழுதி நுழைந்திருக்கிறதா என்று தேடவேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால், அதன் நாசில் சொட்டி, டீசல் சுவரின் ஆயிலைக் கழுவியிருக்கிறதா என்று பரீட்சிக்கவேண்டும். இதைக் கண்டறியாமல் புது ரிங் போடுவது, ஓட்டைப் பானையில் மறுபடியும் நீர் வார்ப்பதாகும்.

ஆதலால் பணம் குறைவாக உள்ளவர் முதற்செலவை அளவெடுப்பதில் செய்யட்டும். லேத் பட்டறையில் டயல் கேஜைக் கொண்டு ஒவ்வொரு போரையும் மேலும் நடுவிலும் கீழுமாக, கிராங்கின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து எழுதி வாங்கவேண்டும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கவேண்டிய சூக்ஷ்மமான இடைவெளி, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனமே. அதைக் கண்ணால் நிதானிக்க எந்த மேஸ்திரியாலும் இயலாது.

கிராங்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டால் போதும். பிளாக்கும் கனெக்டிங் ராடுகளும், விரிசல் சோதனையில் தேறினால், மீண்டும் உழைக்கும். ஆனால் ரிங், பேரிங், கேஸ்கெட், ராடு போல்ட் ஆகியவற்றில் சிக்கனம் கூடவே கூடாது. பழைய ஆயில் பம்பை அளக்காமல் திரும்பப் பூட்டுவதைக் கண்டால் என் மனம் பதைக்கிறது.

திறனை உயர்த்தும் ஆசையில், டர்போ ஒன்றைப் பழைய சந்தையில் வாங்கிப் பொருத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். டர்போவுடன் பிறந்த இன்ஜினில், அதிக உஷ்ணத்தைத் தாங்கும் பிஸ்டனும், பெரும்பாலும் அதன் அடியில் ஆயில் பீய்ச்சி அதைக் குளிர்விக்கும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்கும். அவை இல்லாத இன்ஜினில் டர்போவைப் பூட்டி டீசலையும் கூட்டுவது, புது பிஸ்டனை உருக்குவதற்கு வழி. அந்தப் பணத்தில் ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யலாம். டீசல் பம்பையும் நாசில்களையும் பெஞ்சில் வைத்துச் சரிபார்க்கலாம். காற்றுக் குழாய்களையும் கிளிப்புகளையும் முழுமையாக மாற்றலாம். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று பலர் கழற்றி எறிகிற தெர்மோஸ்டாட்டையும் மறுபடி வைக்கவேண்டும். சுவர் குளிர்ந்தே இருக்குமானால் எரிந்த டீசலின் அமிலம் அதில் படிந்து போரை அரித்துவிடும். இவையே உண்மையான அபிவிருத்தி என்பது என் துணிபு.

பூட்டி முடித்ததும், ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்தி, செல்ஃபை விட்டுவிட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகே உயிர் கொடுக்கவேண்டும். பட்டறை வாசலில் மணிக்கணக்காக வெறுமனே ஓடவிடுவது தவறு. பாரமில்லாமல் ரிங்குகள் சுவரில் படியமாட்டா, போர் கண்ணாடிபோல் மெருகேறிவிடும். மிதமான பாரத்தோடு, ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் வைக்காமல் ஓட்டிவிட்டு, முதல் நடை முடிந்ததும் ஆயிலைச் சூடாகவே வடித்து, ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் பிடித்து, உலோகப் பொடி மின்னுகிறதா என்று பாருங்கள்.