ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்!
தனியார் பள்ளி ஆசிரியைகளின் மகப்பேறு விடுப்பும் வீட்டுக் கணக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குழுக்களில் இருக்கிறவர்களில் பலர் பத்தாவது தாண்டாதவர்கள். ஆனாலும் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கி ஃபீஸ் கட்டினோம். இன்று நம் மகள்களும் மருமகள்களும் பி.எட். முடித்துத் தனியார் பள்ளிகளில் டீச்சராக இருக்கிறார்கள். நமக்கெல்லாம் அது பெருமைதான்.

ஆனால் அந்தப் பெண் உண்டாகி ஏழாவது மாதம் ஆனதும் என்ன நடக்கிறது? "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா. குழந்தை பிறந்து ஜூன் மாசம் வா, பார்க்கலாம்" என்று சில பள்ளிகளில் சொல்கிறார்கள். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்கும் இதேதான் நடந்தது. அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூனில் போனபோது அந்த இடத்தில் வேறு ஒரு பெண் இருந்தாள். மூன்று வருட சர்வீஸ் போனது, சம்பளமும் போனது. குழந்தையோடு சேர்த்து அவளுக்கு வந்தது கடன்தான்.

இது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரக்கூடியது. அதனால் சட்டம் என்ன தருகிறது, பணத்தை எப்படித் திட்டமிடுவது, குழுவாக நாம் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைப்பேறுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது யாரும் போட்ட பிச்சை இல்லை. 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் இதற்காகப் பேசினார். மறு வருடம் அங்கே சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 ஏப்ரலில் 12 வாரம் 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 என்ற சட்டத்துக்குள் வந்துவிட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும் உரிமை மாறவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறோம்:

1. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும்.

2. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

3. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். கரு கலைந்துபோனாலும் 6 வாரம் உண்டு.

4. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரிதான் தினப்படி.

5. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பம் என்ற சான்றைக் காட்டியதும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்தில் தர வேண்டும்.

6. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ஆனால் நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், "அவங்களே போயிட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அந்தக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம் என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்று ஒரு சகோதரி கேட்டார். உண்டு. இதற்கு வழி காட்டியது நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்து ஏழு நாள் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. ஆகவே 26 வாரம் என்றால் 182 நாள் கூலி.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்று 2010இல் அரசு ஆணை வந்தது. பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டது. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சம்பளத்தில் நம் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நம்மிடம் பிடிப்பது 90 ரூபாய்தான், நிர்வாகம் கட்டுவது 390 ரூபாய். பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ.யே கொடுத்துவிடும், பள்ளி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜூனில் புதிதாகச் சேர்ந்து செப்டம்பரில் பிரசவம் என்றால் இந்தக் கணக்கு சேராது. எனவே வேலையில் சேர்ந்த அன்றே ஈ.எஸ்.ஐ. எண் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம்" என்றால் விடாதீர்கள்.

பணக் கணக்கு

12,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு நாளைக்கு 400 ரூபாய். 182 நாளைக்கு 72,800 ரூபாய். ராஜினாமா எழுதிக் கொடுக்கிற பெண் ஒரு காகிதத்தில் இவ்வளவு பணத்தைத்தான் விட்டுக் கொடுக்கிறாள்! நம் குழுவில் இந்தத் தொகையைக் கடனாக வாங்கினால் எத்தனை மாதம் தவணை கட்டுவோம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணம் கிடைக்கும் என்றாலும் கையில் வர நாளாகலாம். அதனால் சில யோசனைகள்:

நாள் தள்ளியது உறுதியானதுமே கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள். மாதம் 1,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், ஏழு மாதத்தில் 7,000 ரூபாய். பணம் வரத் தாமதமானால் முதல் மாதத்தை அதில் ஓட்டலாம்.

வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் புதுக் கடன் வேண்டாம். சடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, கடன் வேண்டாம் என்கிறோம்.

விடுப்பை எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உடம்பு நன்றாக இருந்தால் கடைசி மூன்று நான்கு வாரம் வரை வேலைக்குப் போய், மிச்ச வாரங்களைக் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் யோசிக்கவே கூடாது, விடுப்புத்தான்.

விடுப்புக் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரசவத்துக்கு முன் கொடுக்க முடியாமல் போனாலும் உரிமை போகாது, பிறகும் கொடுக்கலாம்.

சம்பளம் கையில் தருகிற பள்ளியாக இருந்தால் சீட்டு கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற பக்கத்தை மாதம் ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்தாலும் நல்லது. பின்னாளில் அந்த 80 நாள் கணக்குக்கு அதுவே சாட்சி.

வேலையில்லாத, ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. முதல் இரண்டு பிரசவத்துக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியைகள்

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்தோடு 12 மாதம் என்று இந்த விடுப்பு வளர்ந்திருக்கிறது. அங்கேயும் போராட்டம் இல்லாமல் இல்லை. தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகள் தகப்பனோடு இருந்தார்கள். மறுமணம் செய்துகொண்டு உண்டானபோது, இது மூன்றாவது குழந்தை என்று விடுப்பு மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் முதலில் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். ஆனாலும் அவர் விடவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்றும் சொன்னது. நம்மில் ஒருத்தி நின்றதால் எல்லோருக்கும் வழி கிடைத்தது.

அப்பாவின் பங்கு

இங்கிலாந்தில் தாயின் விடுப்பில் 50 வாரம் வரை தகப்பனோடு பிரித்துக்கொள்ளலாம் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியாரில் வேலை செய்கிற அப்பாக்களுக்குச் சட்டம் இல்லை. சட்டம் வரும்போது வரட்டும். ராத்திரி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் துணி அலசவும் சட்டம் வேண்டுமா என்ன? முதல் இரண்டு வாரத்துக்கு லீவு சேர்த்து வைக்கும்படி மகன்களிடம் மாமியார்களாகிய நாமே சொல்ல வேண்டும். நாம் சொன்னால் கேட்பார்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒரு பெண் தனியாகத் தாளாளர் அறைக்குள் போனால் பயம்தான். நாலு பேர் சேர்ந்து மரியாதையாகப் போய் "சட்டப்படி கொடுங்க ஐயா" என்று கேட்டால் பேச்சே வேறு. அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

நிறைவாக, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று: பிரசவமான உறுப்பினருக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசல் பிறகு. இரண்டு: உறுப்பினர் வீட்டுப் பெண் யாராக இருந்தாலும், பள்ளியில் கொடுக்கிற எந்தக் காகிதத்திலும் குழுவிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்த இரண்டையும் செய்துவிட்டு, அடுத்த மாதம் எத்தனை குழுக்கள் செய்தன என்று இதே இடத்தில் கணக்குப் பார்ப்போம்.