மனமும் அந்த வருத்தத்தின் ஒரு பங்குதான்



நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், ஏ.எல். வரைதான் படித்தவன். அக்காவுக்கு எம்.எஸ். வந்தபடியால் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

இந்த வருத்தத்தில் உடம்பின் எதிர்ப்புச்சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்கும். கால் விறைத்தால் சனத்துக்கு விளங்கும். அக்கா தனிய இருந்து அழுதால் மட்டும், "இதென்ன, விசரே?" என்று கேட்பினம். விசருமில்லை, மனத்தைரியம் இல்லாததுமில்லை. எங்கட ரொறன்ரோவிலேயே, சன்னிபுறூக் வைத்தியசாலைப் பேராசிரியர் அன்ரனி பைன்ஸ்ரைன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள எம்.எஸ். நோயாளரின் மூளைப் படங்களில் அதோடு தொடர்புள்ள மாற்றங்களைக் காட்டினார்கள்.

அப்ப அதற்கும் வைத்தியம் கேட்கலாம்தானே? சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. "இனி என்னால் ஒன்றும் ஏலாது" என்ற நினைப்பைப் பேசிப் பிரித்துப் பார்த்து, ஏலக்கூடிய சின்ன வேலைகளைத் திரும்பத் தொடங்கப் பழக்குவினம். வெளிக்கிட ஏலாதவர்களுக்கும் வழி இருக்குது. அமெரிக்காவில் டேவிட் மோர் குழுவினர் 127 எம்.எஸ். நோயாளரோடு செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 16 கிழமை தொலைபேசியிலேயே செய்த சிகிச்சை பலன் தந்தது.

குடும்ப வைத்தியரிடம் கால்நோவைச் சொல்லேக்க அழுகையையும் சொல்லுங்கோ. அவர் எழுதி அனுப்பினால், மனநல வைத்தியரைப் பார்க்க ஓகிப் அட்டை போதும். ஆங்கிலம் கஷ்டமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பிள்ளைகளைக் கொண்டு சொல்லுவிக்க வேண்டாம்.

அக்காவுக்கு வருத்தம் மாறவில்லை. ஆனால் இந்த வருசம் கைவிசேடம் தானே தருவன் என்று நிற்கிறா.